லயத்தைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் மாதர் பிரிவுத் தலைவி ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் கொழுந்து நிறுவையைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பேச வந்தது, காட்டுக்குள் காணாமல் போன ஒரு லயத்தை நாங்கள் நடந்துபோய்த் தேடிய கதை. இதுவும் சங்கத்து வேலைதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா பிறந்தது மேற்கணக்கில் இருந்த எட்டுக் காம்பிரா லயத்தில். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று, நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்மைப் பங்கு போட்டார்கள். அந்த லயத்தில் ஐந்து குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின. பெரியப்பாவின் அண்ணனும் 1973 இல் பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மிஞ்சிய மூன்று குடும்பங்களும் கீழ்க்கணக்குக்கு இறங்கின. மேல்மலைத் தேயிலை கவனிப்பாரில்லாமல் காடானது. பாதி இடத்தில் டர்பன்டைன் மரம் நட்டார்கள். லயத்துக் கூரைத் தகரமும் கழன்று போனது.

இந்த வருஷம் கூடலூரிலிருந்து அந்த அண்ணனின் பேத்தி போன் பண்ணினாள். "தாத்தா படுத்த படுக்கையா இருக்காங்க. பொறந்த லயத்தைப் பார்க்கணும்னு சொல்றாங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் போனோம். பெரியப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. மரம் ஏற்றிய பழைய லொறிப் பாதையில் ஏறினோம். இரண்டு மணித்தியாலம் மானாப்புல்லுக்குள் அலைந்தோம். பனி இறங்கியது, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. காலெல்லாம் அட்டைக்கடியோடு திரும்பி வந்தோம். பெரியப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் சிரித்தார். "லயத்தைத் தேடாதீங்க புள்ள, தண்ணியைத் தேடுங்க. தண்ணி இல்லாத எடத்துல எவன் லயம் கட்டுவான்?" என்றார்.

அடுத்த ஞாயிறு ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினோம். அரை மணித்தியாலத்தில் ஓடைக்கரையில் சேம்பு அடர்ந்து கிடந்தது. அதற்கு மேலே இரண்டு கொய்யா மரம், ஒரு கருவேப்பிலை. யாரோ ஒரு தாய் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தது. அங்கே நின்று பார்த்தால் சரிவை வெட்டித் தட்டையாக்கிய நீள நிலம் தெரிந்தது. மூன்று கற்படி, கல் கட்டிய கான், வாய் உடைந்த ஓர் ஆட்டுக்கல். பீலி வைத்த இடத்தில் மூங்கிலும் இல்லை, தகரமும் இல்லை. தண்ணீர் மட்டும் அதே பாறையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

பெரியப்பா கற்படியிலிருந்து அடி வைத்து எண்ணினார். ஒரு காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்றாவது காம்பிரா வந்ததும் நின்றார். ஒரு கொப்பை ஒடித்து, வாசல் இருந்த இடத்தில் கிடந்த சருகைக் கூட்டினார். நாங்கள் யாரும் பேசவில்லை.

தோழர்களே, ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் குடியிருந்த குடிலில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது அடுப்பும் புகைபோக்கியும்தான். அந்தக் கல்லைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், நல்லது. 1892 இல் அவர் இறந்தபோது அவருடைய உடலைத் தோளில் தூக்கிக் கண்டி வரை சுமந்தவர்கள் தொழிலாளர்கள். அந்த 19 ஏக்கரில் காட்டை வெட்டியவர்களின் குடிசை எங்கே? மண்ணும் புல்லுமாகக் கட்டியது மண்ணோடு போய்விட்டது. துரையின் அடுப்புக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. நம்முடைய அடுப்புக்குச் சாட்சி ஒரு கருவேப்பிலை மரம்.

இது ஏன் சங்கத்து வேலை? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் என்ன கேட்டது? உன் அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, காட்டு என்றது. நம்மவர்கள் இங்கேதான் பிறந்தார்கள், இங்கேதான் செத்தார்கள். ஆனால் காட்டுவதற்குக் கையில் கடதாசி இல்லை. அதனால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள், 200 வருஷ வரலாற்றைச் சொல்லி. இன்றைக்குக் காணியும் வீடும் கேட்கிறோம். எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், இந்த முறை எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு கிளைக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் தோட்டத்தில் அழிந்துபோன லயங்களின் பேர், எத்தனை காம்பிரா, யார் யார் குடியிருந்தார்கள், எந்த வருஷம் காலியானது, எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போன பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

தேடிப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். குளவிக் கூடு இருக்கும், மரத்தை ஆட்டாதீர்கள். பன்றிக்கு வைத்த கம்பி இருக்கும், கம்பால் தட்டிப் பார்த்து நடங்கள். எதையும் தோண்டாதீர்கள், எடுத்து வராதீர்கள். ஆட்டுக்கல் அங்கேயே இருக்கட்டும். அதுதான் சாட்சி.

அன்றைக்கு மலையுச்சியில் சிக்னல் கிடைத்ததும் போட்டோவை அனுப்பினோம். ஐந்து நிமிஷத்தில் கூடலூரிலிருந்து போன் வந்தது. பேத்தி போனை அவர் காதில் வைத்திருக்கிறாள் போல. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் பார்க்காத அண்ணனும் தம்பியும். அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"பீலித்தண்ணி இன்னும் வருதாடா?"

"வருதுண்ணே" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, அவருக்குச் சத்தம் கேட்கட்டும் என்று போனைப் பாறைப் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

கொப்பியை நாளைக்கே வாங்குங்கள்.