பூட்டிய வீட்டுக்குள் என்ன நடந்தது?

(வல்லத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கொரோனா முடிந்து போன கதை, அதை இப்போது ஏன் கிளறுகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நோய் ஓய்ந்தது உண்மை. அந்த நாட்களில் வாங்கிய கடன் ஓய்ந்ததா? ஒன்பதாம் வகுப்போடு நின்ற பையன் மறுபடி பள்ளிக்குப் போனானா? உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடே பூட்டப்பட்டது. அவகாசம் நான்கு மணி நேரம்!

முதல் பத்து நாள் பலருக்கு விடுமுறை போலத்தான் இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் வியாபாரி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். மார்ச் 24ல் மூடிய டாஸ்மாக் மே 7 வரை திறக்கவில்லை. எத்தனை வீடுகளில் பெண்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! (பள்ளிவாசல் கதவைத் திறக்கும் முன்பே அரசாங்கம் சாராயக் கடைக் கதவைத் திறந்தது. கிராமத்துச் சிறிய வழிபாட்டுத் தலங்களுக்கு ஜூலை 1 வரையும், பெரிய தலங்களுக்குச் செப்டம்பர் 1 வரையும் பூட்டு. அந்த நியாயத்தை ஆண்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.)

ஏப்ரல் பிறந்ததும் நம் மீது வேறொரு பாரம் விழுந்தது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய் வந்தவர்கள் நோயைப் பரப்பினார்கள் என்று தொலைக்காட்சிகள் இரவு பகலாகக் கூவின. நோய்க்கு மதம் சூட்டினார்கள். தள்ளுவண்டியில் பழம் விற்ற முஸ்லிமிடம் பெயர் கேட்டுவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு என்னாகும் என்ற பயத்தை விட, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் பெரிதாக இருந்தது. அதனால் நோயை மறைத்தவர்கள் எத்தனை பேர்! 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே அது கருதியது. தீர்ப்பு வந்தது. ஆனால் ஏப்ரலில் கூவிய வாய்களில் எத்தனை ஆகஸ்டில் அதைச் சொல்லின?

பிறகு ரமலான். ஏப்ரல் 25ல் முதல் நோன்பு. தராவீஹ் வீட்டில், இஃப்தார் வீட்டில். நோன்புக் கஞ்சிக்கான அரிசி அந்த வருடம் பள்ளிவாசல் சட்டியில் வேகவில்லை, வீடு வீடாகப் போனது. ஆன்மிக இழப்பை நீங்கள் அறிவீர்கள். வணிகர்களே, உங்கள் இழப்பை வேறு யார் அறிவார்? துணிக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் செருப்புக் கடைக்கும் அந்த முப்பது நாள்தானே வருட வருமானம்! கொள்முதல் செய்த துணி மூட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி வயலிலேயே வெம்பியது. மே 5ல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, அங்கே வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பியபோது நம் விழுப்புரம் மாவட்டத்தில் தொற்று கிடுகிடுவென ஏறியது. முதலில் நோய்ப் பயம், அடுத்து பழிச்சொல் பயம், அதற்கும் அடுத்து கடன் பயம். இந்த மூன்றாவது பயம் ஊரடங்கு முடிந்தும் போகவில்லை.

அந்த ஏப்ரலில் தமிழகத்தில் வேலையின்மை 49.8 விழுக்காடு என்றது சி.எம்.ஐ.இ. நிறுவனத்தின் கணக்கு. வேலை தேடிய இருவரில் ஒருவருக்கு வேலை இல்லை என்று பொருள். கடன் தவணைக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் என்றது ரிசர்வ் வங்கி. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். அது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு! வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. வங்கியிலாவது இந்த அவகாசம். கந்து வட்டிக்காரனும், வாரந்தோறும் வாசலில் நிற்கும் குழுக் கடன் வசூல்காரரும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஆண் வேலையின்றித் திண்ணையில் உட்கார, வாசலில் பதில் சொன்னது பெண். அந்த அவமானத்தை அவள் யாரிடம் சொன்னாள்?

கடையைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்ததாகக் குற்றம் சாட்டினாலே என்ன நடக்கும் என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. ஜூன் 19ல் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் ஜூன் 22, 23 தேதிகளில் உயிரிழந்தார்கள். தந்தையும் மகனும்! அவர்களும் உங்களைப் போல வணிகர்கள்தான்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2020ல் இந்தியாவில் தற்கொலை செய்து கொண்டவர்கள் 1,53,052 பேர். அவர்களில் தொழில், வியாபாரம் செய்தவர்கள் 11,716. முந்தைய வருடத்தை விட 29 விழுக்காடு அதிகம். அந்த வருடம் விவசாயத் தொழிலில் இறந்தவர்களை விடவும் அதிகம். மாணவர்கள் 12,526. உலக அளவில் முதல் வருடத்திலேயே மனச்சோர்வும் பதற்றமும் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னது.

நாம் என்ன செய்கிறோம்? தற்கொலை ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். ஹராம்தான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்த மனிதர் அந்த முடிவுக்கு வருவதற்கு முந்தைய ஆறு மாதம் ஜமாஅத் எங்கே இருந்தது? மூன்று ஜும்ஆ அவர் வரவில்லை என்பதை யாராவது கவனித்தார்களா?

ஹிஜ்ரி 18ஐ நினைத்துப் பாருங்கள். ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய், மதீனாவில் கடும் பஞ்சம். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் உமர் (ரலி) வழியிலிருந்தே திரும்பினார்கள். அதை நாம் அடிக்கடி சொல்கிறோம். பஞ்சத்தில் அவர்கள் செய்ததை அதிகம் சொல்வதில்லை. மக்களுக்கு நெய்யும் இறைச்சியும் கிடைக்கும் வரை தாமும் அவற்றைத் தொடவில்லை. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று நேரில் போய்ப் பார்த்தார்கள்.

இளைஞர்களே! ஊரடங்கில் நீங்கள் காய்கறிப் பை சுமந்தீர்கள். பெற்ற பிள்ளையே தொடத் தயங்கிய மையித்துகளை, மதம் பாராமல், கவச உடை அணிந்து நம் சமுதாய இளைஞர்கள் அடக்கினார்கள். அந்த வேகம் இப்போது எங்கே? அதைவிட எளிதான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மஹல்லாவில் 2020க்குப் பின் படிப்பை விட்டவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத இன்றும் வழி உண்டு. கட்டணத்தைப் பைத்துல்மால் கட்டட்டும்.

வணிகர்களே! ஜகாத்தைச் சில்லறையாக்கிப் பெருநாள் வாசலில் நீட்டாதீர்கள். கடனில் மூழ்கியவரும் ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் ஒருவர் என்று உங்களுக்குத் தெரியும். பத்துக் கடைகள் சேர்ந்து, ஒருவருடைய வட்டிக் கடனை முழுதாக அடைத்துவிடுங்கள். பெயர் வெளியே வர வேண்டாம். அடுத்த வருடம் இன்னொருவர்.

கடையடைத்த பின் பக்கத்துக் கடைக்காரரோடு ஒரு தேநீர் குடியுங்கள். தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவர் தலைகுனிந்தால், 14416 என்ற எண் இருக்கிறது. அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். 104ம் உண்டு. இரண்டையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேர அட்டவணைக்குக் கீழே, இந்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதி வையுங்கள்.