பெயர் பதிய முடியுமா?

பிளஸ் டூ முடிவு வந்தால் போதும், பேருந்து நிலையச் சுவரெல்லாம் நர்சிங் விளம்பரம்தான். 'ஒரே வருடம், உடனே வேலை' என்பார்கள். பூம்பாறை, தாண்டிக்குடி போன்ற மலைக் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் நம்பி மலையிறங்கிப் போவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். 'படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் பதிய முடியுமா?'

பெயர் பதிந்தால்தான் நர்ஸ். இந்தப் பதிவுக்கான சட்டம் 1926லேயே வந்துவிட்டது. துணைச் செவிலியர் படிப்புக்கே 2 வருடம். பட்டயப் படிப்பு 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். ஒரு வருடச் சான்றிதழோடு போனால் உதவியாளர் வேலைதான் கிடைக்கும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அது வேறு வேலை.

மலைப்பூண்டு வாங்கும்போதுகூட ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்க்கிறோம். லட்சக்கணக்கில் கட்டும்போது கூச்சப்படலாமா? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழுமத்தின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

தனியார் கல்லூரி என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய், வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டிடம் பளபளப்பாக இருந்து கட்டில்கள் காலியாகக் கிடந்தால், பிள்ளை ஊசி போட எங்கே பழகும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செவிலியர் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. முதலில் அங்கே விண்ணப்பம் போடுங்கள்.