பழைய செய்தியும் பைத்தியக் கற்பனையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மாணவராகிய எம்மிடையே ஒரு விளையாட்டு உண்டு. பழைய செய்தியொன்றை எடுத்து, அதன் விளைவு நூறாண்டு கழிந்து எங்கே போய் முடியும் என்று ஒருவர்பின் ஒருவராகக் கூட்டிச் சொல்லுவோம். எவர் கற்பனை மிகவும் அபத்தமோ அவருக்கே வெற்றி. வீண் பொழுதுபோக்கென்று பெரியோர் எண்ணக்கூடும். அவ்விளையாட்டுக்காக வாதாடவே இன்று வந்துள்ளோம்.

1859ஆம் ஆண்டுச் செய்தி இது: அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாப் பகுதியில் தோமஸ் ஒஸ்ரின் என்னும் செல்வர், வேட்டையாடி மகிழ இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வருவித்தார். "இவற்றின் பேரப்பிள்ளைகளைத் தடுக்க, கண்டத்தின் மறுகோடியில் அரசாங்கமே வேலி அடைக்கும்" என்று அன்று ஒருவன் சொல்லியிருந்தால், அவனுக்குத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்திருப்பார்கள். ஆனால், 1901இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் வேலி தொடங்கியது. 1907இல் வேலை முடிந்தபோது முதலாம் வேலி மாத்திரம் 1,833 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரத்தின் நான்கு மடங்குக்கும் மேல்! அது முடியுமுன்னரே முயலார் அப்பாற் போய்விட்டார்.

இனி 1935. குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களை அழித்த வண்டுகளைத் தின்பதற்கென ஹவாயிலிருந்து ஏறக்குறைய நூறு தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கிவிட்டார்கள். வண்டோ கரும்பின் உச்சியில், தேரையோ நிலத்தில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வண்டு பிழைத்தது, நஞ்சுடைய தேரையை விழுங்கிய உடும்பும் பாம்பும் மாண்டன. கோடிக்கணக்கிற் பெருகிய தேரைப்படை 2009இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் எல்லையையும் கடந்தது.

இதனை அன்றே கண்டவர் ஒருவர் இருந்தார். வோல்ரர் புறொகற் என்னும் பூச்சியியல் அறிஞர். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்றவர். வயது எழுபதைக் கடந்தவர். தேரையும் முயலைப்போலப் பெருந்தொல்லையாகலாம் என்று அவர் எச்சரித்தார். தேரை விடுவது சிறிது காலம் நிறுத்தப்பட்டது. 1936இல் அத்தடையும் நீங்கிற்று. வண்டைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆண்டின் விளைச்சல் தெரிந்தது. முயல்கள் வருவதற்கு முந்திய ஆண்டில் அதே விக்ரோறியாவிற் பிறந்த முதியவருக்கோ முயலின் கதை முழுவதும் தெரிந்திருந்தது.

நண்பர்களே, எம் விளையாட்டும் இதுவே. தலைப்புச் செய்தி ஒரு நாளில் வாடிவிடும், விளைவோ வளர்ந்துகொண்டேயிருக்கும். கற்பனைகளிற் பெரும்பாலானவை பொய்த்துப்போகும் என்பது மெய்தான். ஆயினும், "இப்படி நடந்தால் என்ன?" என்று கேட்பவன் இல்லாத சபை, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு தாண்டும் சபையாகும்.

ஆகவே, பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: கூட்டத்தில் இளைஞன் ஒருவன் விபரீதமான கேள்வி கேட்டால், சிரியுங்கள், சிரித்தபின் விடையும் சொல்லுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு சொல்: முதியவர் பழங்கதை தொடங்கும்போது எழுந்து போகாதீர்கள். நாளைய செய்தியின் முடிவு அதில் இருத்தல் கூடும்.