அவரவர் பாடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பூதப்பாண்டியில் ஆற்றிய உரை)



'ரசிகனின் உரிமை' என்னும் தலைப்பில் பேசுமாறு வட்டத்தார் பணித்தார்கள். பரந்த தலைப்பு. அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பலர் கைபட்டு வளர்ந்த ஒரு கதையில் இது கதையைச் சேர்ந்தது, இது சேராதது என்று வரையறுக்கும் உரிமை யாருக்கு உண்டு?

மேலைநாடுகளில் இக்கேள்வி விஞ்ஞானக் கதைகளை ஒட்டிப் பெரும் வழக்காகவே நடந்துவருகிறது. 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் ஒரு திரைப்படமாகத் தொடங்கியது. பின்னர் நாவல், படக்கதை, விளையாட்டு எனப் பல கிளை விட்டது. 2012இல் அதன் உரிமையாளரான நிறுவனத்தை டிஸ்னி வாங்கிற்று. 2014இல் ஓர் அறிவிப்பு வந்தது: அதுவரை வெளியான நாவல்களும் படக்கதைகளும் இனி மூலக்கதையில் அடங்கா, 'பழங்கதைகள்' என்ற பெயரில் ஒதுங்கி நிற்கும். 1991இல் திமோதி ஸான் எழுதிய நாவலைக் கொண்டு தன் மனத்தில் அக்கதையுலகை எழுப்பிக்கொண்ட வாசகன், ஒரு நிறுவனத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு அதை இடித்துவிடுவானா? பலர் இடிக்கவில்லை. தமக்குரிய மூலக்கதை எது என்று தாமே பட்டியலிட்டுக்கொண்டார்கள். 1963 முதல் பிரிட்டனில் நடந்துவரும் 'டாக்டர் ஹூ' தொடரில் அத்தகைய அதிகாரபூர்வமான வரையறையே கிடையாது. அங்கே ஆளுக்கொரு பட்டியல்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' முதற்படத்தை 1997இல் திருத்தி மீண்டும் வெளியிட்டார். ஒரு காட்சியில் முதலில் சுடுபவன் யார் என்பதே மாறிப்போயிற்று. பழைய வடிவம் கிடைப்பது அரிதாயிற்று. ரசிகர்கள் படைத்தவரையே எதிர்த்து, அவருடைய பழைய படத்தைக் காக்கப் புறப்பட்டார்கள். இதை வேடிக்கை என்று நான் தள்ளமாட்டேன். ஏனெனில் இதே வழக்கு நம் வீட்டிலும் நடந்திருக்கிறது, இதைவிடக் கூர்மையாக.

நம் ஏட்டு மரபில் இதற்குச் சொற்களே இருக்கின்றன: பாடம், பாடபேதம், இடைச்செருகல். கம்பராமாயணத்தில் பிறர் நுழைத்தவை என்று கருதப்படும் பாடல்களை 'வெள்ளிப் பாடல்' என்பார்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தலையில் அந்தப் பழியைச் சுமத்தியிருக்கிறது மரபு. அத்தனையும் அவர் ஒருவரே பாடியிருந்தால் அவரையும் ஒரு பெருங்கவிஞர் என்றே கொள்ளவேண்டும்!

சுமார் பத்தாயிரம் பாடல்கள் கொண்ட அந்தக் கடலுக்குள் தம் செவி ஒன்றையே துணையாகக் கொண்டு இறங்கியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். நம் தேரூர்க் கவிமணியின் கவிதைகளைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதல்வரிசையில் நின்றவர். இருவரும் 1954ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள். நெல்லையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியிலும், பின்னர் குற்றாலத்திலும் அவர் கம்பனைப் பாடக் கேட்டவர்கள் அதன்பின் கம்பனை வேறு விதமாகப் படிக்க இயலவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பாடலை வாய்விட்டுப் பாடுவார். தாளமும் உணர்ச்சியும் ஒன்றில் ஒன்று இழைந்தால் அது கம்பர் பாட்டு. இழையாவிட்டால் வேறு யாரோ பாடியது. இப்படித் தேர்ந்தெடுத்தவற்றையே 'கம்பர் தரும் ராமாயணம்' என்று நூலாக்கினார். பெயரைக் கவனியுங்கள். 'நான் விரும்பும் ராமாயணம்' என்று அவர் பெயரிடவில்லை.

அங்கேதான் சிக்கல். பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையை முன்மாதிரியாகக் கொண்ட பதிப்பு நெறியினருக்கு ஏட்டுச் சான்றே முதற்சான்று. எந்த ஏட்டில் இப்பாடல் இல்லை, எந்த ஏட்டில் இச்சொல் இப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். ரசிகமணி தம் இதயத்தைக் காட்டினார். பாட்டுகளை ஒதுக்கியதோடு நில்லாமல் சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். லூகாஸ் தம் படைப்பைத் தாமே திருத்தினார், ரசிகர் எதிர்த்தனர். இங்கே கவிஞன் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின, திருத்தியவர் ரசிகர். அவருடைய செவிக்கு நான் தலைவணங்குகிறேன். அவர் கையிலிருந்த பென்சிலைத்தான் ஏற்க இயலவில்லை. ஒரு பாட்டு சுமாராக இருக்கிறது என்பது கம்பன் அதைப் பாடவில்லை என்பதற்குச் சான்றாகுமா? பெருங்கவிஞனுக்கும் களைத்துப்போகும் உரிமை உண்டல்லவா?

இதற்கு நேரெதிர் முனையிலும் ஒரு தேர்வு நடந்தது. அறிஞர் அண்ணா 'கம்பரசம்' எழுதினார். காமச் சுவை மிகுந்த பாடல்களைத் தொகுத்து, இதுதான் கம்பன் என்று காட்டினார். 1943இல் ரா. பி. சேதுப் பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் நிகழ்த்திய சொற்போர்கள் 'தீ பரவட்டும்' என்னும் நூலாயின. மூன்றாவதாக, இந்த ஊர் மண்ணில் 1907இல் பிறந்த ஜீவா. சுயமரியாதை மேடை வழியாகப் பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தவர். கம்பன் விழா மேடையேறிக் கம்பனை மானுடம் பாடிய கவிஞன் என்று முழங்கினார். வேடன் குகனைத் தன் உடன்பிறந்தானாக ஏற்கும் இராமனைக் கொண்டாடும் நெஞ்சுக்குக் கம்பன் பகைவனாகத் தோன்றமாட்டான். ஒரே நூல், மூவருக்கு மூன்று கம்பர்கள்.

ஜீவாவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. அப்பெயர் நம்மை மலையோரம் அழைத்துச் செல்கிறது. பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்படுபவன் முத்துப்பட்டன். அவன் கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது. பிராமண குலத்தில் பிறந்த பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை விரும்புகிறான். தந்தை வாலப்பகடை செருப்புத் தைக்கும் குலத்தவன். பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைத்துக் காட்டினால் பெண் தருவேன் என்கிறான். பட்டன் அவ்வாறே செய்கிறான். பின்னர், மாடு கவர வந்த கள்வரோடு பொருது மடிகிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள்.

இக்கதைக்கு இன்னொரு பாடம் உண்டு. அப்பெண்கள் பிறப்பால் பிராமணர். காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்பது அது. 1970களின் தொடக்கத்தில் இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இப்பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று காட்டினார். சாதி கடந்த மணத்தைச் செரிக்க முடியாதவர்களுக்காகக் கதை வளைக்கப்பட்டது என்பது அவர் கருத்து.

நான் எந்தப் பாடத்தை ஏற்கிறேன் என்று கேட்டால் தயங்கமாட்டேன். முதற்பாடத்தையே ஏற்கிறேன். பெண்கள் பிராமணர் எனில் பட்டன் பூணூலை அறுத்ததன் பொருள் என்ன? பட்டவராயனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அந்தச் செருப்பு எந்தப் பாடத்தின் பக்கம் நிற்கிறது என்று நான் விளக்க வேண்டுமா? இங்கே என் தேர்வு சுவை பற்றியது மட்டுமன்று. கொடைவிழாப் பந்தலில் எந்தப் பாடம் பாடப்படுகிறதோ அதற்கேற்பக் கேட்பவருள் ஒரு சாரார் தலைநிமிர்வார்கள், அல்லது குனிவார்கள்.

ஆயினும் இரண்டாம் பாடத்தை ஏட்டிலிருந்து கிழித்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அந்தச் செருகல் இல்லாவிட்டால், முதற்கதை எத்தனை பேரை அச்சுறுத்தியது என்பதற்கு நம்மிடம் சாட்சி இராது. பொய்ப் பாடமும் ஒரு வரலாற்று ஆவணம். கொடை நடத்துவோர் முகம் பார்த்துப் பாடவேண்டியிருந்த அந்தப் புலவனின் நெருக்கடியும் அதில் இருக்கிறது. அவனை எளிதாகப் பழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சென்னைக் கம்பன் கழகம் 1976இல் வெளியிட்ட பதிப்பைப் பாருங்கள். ஐயத்துக்குரிய பாடல்களை 'மிகைப் பாடல்கள்' என்று தனியே பிரித்து வைத்தார்கள், வீசி எறியவில்லை. ரசிகமணியின் தேர்வோடு இன்று நான் வழக்காட முடிகிறதென்றால், அவர் ஒதுக்கிய பாட்டும் அச்சில் என் கைக்குக் கிடைப்பதால்தான்.

ஆகவே வட்டத்தாரிடம் ஒரு விண்ணப்பம். பூதப்பாண்டியிலும் தெரிசனங்கோப்பிலும் அழகியபாண்டியபுரத்திலும் கொடைக் கதைகளின் ஏடுகளும் பழைய நோட்டுப் புத்தகங்களும் வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும். பதினோராம் ஆண்டில் அவற்றைத் தேடிப் படி எடுங்கள். ஒரே கதைக்கு நான்கு படி கிடைத்தால் நான்கையும் எடுங்கள். எது நல்ல பாடம் என்று அப்போது முடிவுசெய்ய வேண்டா. யாரிடமிருந்து பெற்றது, எந்தக் கோயிலில் பாடுவது என்பதை ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் குறித்து வையுங்கள். ஏட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை முதலில் சென்று பாருங்கள்.