மனவடுவும் மன்னார்க் கரையும்



மன்னார்த் தீவின் பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஒரு கடற்றொழிலாளர் வைத்தியசாலைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். "உடம்பெல்லாம் உளைவு, தலை எரிகிறது, நெஞ்சு பதறுகிறது" என்பார். மனம் நொந்திருக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். இரத்தத்தைச் சோதித்தால் குறை ஒன்றும் தென்படாது. வலிமாத்திரை பெற்று வீடு திரும்புவார். அடுத்த கிழமை மீண்டும் வருவார். இத்தகையோரின் நோய் யாது என்னும் வினா ஓர் ஆய்வாளரின் வாழ்நாட் பணியாயிற்று. அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள்.

வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரர்களின் துன்பத்தைக் கண்ட பின்னர், 1980ஆம் ஆண்டிலே அமெரிக்க உளமருத்துவர் சங்கம் ஒரு புதிய நோயைத் தன் பட்டியலிற் சேர்த்தது. பேரச்சம் தந்த நிகழ்ச்சி முடிந்து நெடுநாள் சென்ற பின்னும், அது கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றி வருத்துவது அந்நோயின் இயல்பு. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் அதற்கு 'மனவடு' என்னும் சொல்லை வழங்கினர். புண் ஆறியபின் நிற்பதன்றோ வடு! மொழிபெயர்ப்பாய்ப் பிறந்த சொற்களுள் இத்துணைப் பொருத்தமானவை சிலவே என்பது என் எண்ணம்.

உளமருத்துவர் மிக அரிதாயிருந்த வடபகுதியிலே, போர் நடந்துகொண்டிருந்தபோதே, சோமசுந்தரம் அவர்களும் சிவயோகன் அவர்களும் மக்களிடையே சென்று விசாரித்தனர். 1994இல் அவ்வாய்வு பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளிவந்தது. போரின் தாக்கத்துக்கு ஆளாகாதவர் நூற்றுக்கு அறுவரே. மனவடு நோய் நூற்றுக்கு 27 பேரிடம் காணப்பட்டது. உள்ளத்தின் துன்பம் உடல் நோவாய் வெளிப்பட்டோரோ நூற்றுக்கு 41 பேர். நாம் தொடக்கத்திற் கண்ட கடற்றொழிலாளர் இந்த நாற்பத்தொருவருள் ஒருவராகலாம்.

ஆயினும் அந்த ஆராய்ச்சி அவ்வளவில் நின்றுவிடவில்லை. 1998இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் பெயர் வடுப்பட்ட மனங்களைக் குறித்தது. 2014இல் வந்த நூலின் பெயரோ வடுப்பட்ட சமூகங்களைக் குறித்தது. பதினாறு ஆண்டுகளில் நேர்ந்த இப்பெயர் மாற்றத்திலே ஒரு சிந்தனையின் பயணம் அடங்கியுள்ளது. தனிமனிதர் நெஞ்சை மட்டும் நோக்குவது போதாது, குடும்பமும் ஊரும் அயலாரிடத்து வைத்த நம்பிக்கையும் சேர்ந்தே புண்படுகின்றன என்று அவர் கண்டார். அதனைக் கூட்டு மனவடு என்று கூறுவர்.

மன்னார்க் கரையை நோக்கினால் இக்கருத்து தெளிவாகும். ஒரு வள்ளம் கடலில் இறங்கினால், சம்மாட்டி, வலை வளைப்போர், கருவாடு காயவைக்கும் பெண்கள், மீன் வாங்கும் வியாபாரி எனப் பலர் வீட்டு அடுப்பு எரியும். போர்க்காலத்திலே கடலுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்டன. தொழிலற்றுக் கரையிற் கவிழ்த்த வள்ளத்தருகே அமர்ந்திருப்பவனுக்குக் கூலி மட்டுமா போயிற்று? விடியற்காலையில் எழுவதற்கு ஒரு காரணமும், பிள்ளைகள் முன் ஒரு மதிப்பும் உடன் போயின. இதனை எந்த வினாத்தாளும் முழுமையாக அளந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

அதே கரையில் மற்றொரு பெருந்துயரும் நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேறக் கட்டளையிட்டனர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் வீடும் பொருளும் இழந்து, கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். புத்தளத்துப் பகுதிகளில் இரண்டு பதிற்றாண்டுகளாய்த் தங்கிய அம்மக்களுள் 450 பேரைச் செஸ்மல் சிறிவர்தன என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். மனவடு நோய் அங்கே நூற்றுக்கு 2.4 என்ற அளவே. ஆனால் பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று உடையோர் நூற்றுக்கு 18.8 பேர். முன்னைய ஆய்வின் 27உடன் இதனை நேரே ஒப்பிடல் ஆகாது. இடமும் காலமும் அளவுகோலும் வேறு. நாம் நோக்கவேண்டியது பிறிதொன்று. வேலையின்மை, துணையை இழந்த நிலை, உணவுப் பற்றாக்குறை ஆகிய மூன்றுமே அவ்வுளநோய்களோடு தொடர்புற்றிருந்தன. பழைய அச்சத்தோடு இன்றைய அடுப்பும் மனத்தை வாட்டுகிறது என்பதற்கு இது சான்று.

சிகிச்சைக்கு வருவோம். எல்லார்க்கும் மருத்துவர் கிட்டாத நிலையில், ஆசிரியர் முதலான ஊர்மட்டப் பணியாளர்களைப் பயிற்றும் வழியைச் சோமசுந்தரம் அவர்கள் வற்புறுத்தினார். மனத்தைத் தளர்த்தி அமைதிப்படுத்த அந்நியமான பயிற்சிகளைத் தேடவில்லை. சைவர் பிரணவத்தையும், கத்தோலிக்கர் செபமாலையையும், முஸ்லிம்கள் திக்ரையும் மெல்ல உருவிடுவதே தக்க பயிற்சி என்றார். திருக்கேதீச்சரமும் மடுத் தேவாலயமும் பள்ளிவாசல்களும் அடுத்தடுத்து விளங்கும் மன்னார் மாவட்டத்தில் இம்முறைக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. போர் 2009இல் முடிந்தது, கடல் திறந்தது. அதன்பின் இழுவைப் படகுகள் சிறு தொழிலாளரின் வலைகளை அறுத்துச் சென்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தும், பாக்கு நீரிணையிலே அவ்வழக்கு தீரவில்லை. அறுந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பவர் உறக்கம் வரவில்லை என்று வந்தால், மருத்துவர் அவருடைய கனவுகளை விசாரிப்பதோடு, வலையின் விலையையும் கடனின் அளவையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.