எண்ணும் எழுத்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நமது வாசிகசாலையிலே ஓர் இளைஞர் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதிலே இரு அறிஞர்களின் பெயர்கள். ஒருவர் பிறநாட்டுப் பொருளியலாளர்; மற்றவர் நம் நாட்டவராகிய மானிடவியலாளர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. பெயர்களுக்குப் பக்கத்திலே, அவர்களுடைய எழுத்துகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோளாகக் காட்டினர் என்ற எண்கள். "ஐயா, இவருக்குத்தானே கூட, அப்படியானால் இவர்தானே பெரியவர்?" என்று பொருளியலாளரைச் சுட்டிக் கேட்டார். நான் அன்று விடை சொல்லவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கலாமென்று வந்தேன்.

ஆராய்ச்சி எழுதுகிறவர், இக்கருத்தை இன்னாரிடமிருந்து பெற்றேன் என்று அடிக்குறிப்பிலே காட்டுவது முறை. இக்குறிப்புகளைத் திரட்டினால் ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று கண்டுபிடிக்கலாமே என 1955இல் எழுதியவர் யூஜின் கார்பீல்ட் என்ற அமெரிக்கர். பிலடெல்பியாவிலிருந்த அவருடைய நிறுவனம் விஞ்ஞானத்துக்கு 1964இலும் சமூக விஞ்ஞானங்களுக்கு 1973இலும் அத்தகைய அட்டவணைகளை வெளியிட்டது. தேடுவோருக்கு வழிகாட்ட வந்த கருவி, நாளடைவில் ஆளை நிறுக்கும் தராசாயிற்று. 2005இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் இன்னொரு கணக்கும் சொன்னார்: ஒருவருடைய எழுத்துகளிலே இருபது, ஒவ்வொன்றும் இருபது தடவையாவது காட்டப்பட்டிருந்தால் அவருக்கு இருபது. பரீட்சைப் புள்ளி போலல்லவா இருக்கிறது!

இனித் தம்பையாவைப் பார்ப்போம். 1929இலே பிறந்த இவர், இலங்கைச் சர்வகலாசாலையிலே படித்து அங்கேயே கற்பித்தார். 1957இல் சர்க்கார் என்பவருடன் சேர்ந்து, கண்டிக்கு அண்மையிலுள்ள பாத்ததும்பறைக் கிராமங்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். காணியில்லாக் குடும்பங்களின் நிலையை வீடு வீடாகச் சென்று திரட்டிய தகவல்களால் காட்டும் அறிக்கை அது. பின்னர் யுனெஸ்கோ சார்பிலே தாய்லாந்து சென்றார். அங்கே வடகிழக்குக் கிராமமொன்றின் சமய வாழ்வைக் கவனித்து எழுதிய பெருநூல் 1970இலேதான் வெளிவந்தது. கேம்பிறிட்ஜ், சிக்காகோ, ஹாவாட் சர்வகலாசாலைகளிலே கற்பித்து, 1997இல் பல்சான் பரிசு பெற்று, 2014இல் மறைந்தார்.

ஒரு கிராமத்திலே மாதக்கணக்காகத் தங்கி, பாஷை பழகி, பல வருஷம் சிந்தித்து ஒரு நூல் எழுதுவது மானிடவியலாளரின் வழக்கம். பொருளியலாளரோ பெரும்பாலும் கட்டுரைகளாகவே எழுதுகிறார். நாலு பேர் கூடியும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே படியால் அளப்பது நெல்லையும் பனங்காயையும் ஒரே கொத்தால் அளப்பது போன்றது. மேலும் அட்டவணை நெடுங்காலம் சஞ்சிகைகளின் அடிக்குறிப்புகளையே எண்ணிற்று. நூல்களுக்கென்று தனி அட்டவணை 2011இலேதான் வந்தது. தமிழிலே எழுதிய சமூக ஆய்வுகளுக்கோ அங்கே இடம் மிக அருமை. பேராசிரியர் சிவத்தம்பி தமிழிலே எழுதியவற்றைப் படித்துத் தமிழிலேயே எழுதியோர் எத்தனை பேர்! அந்த எழுத்துகளையெல்லாம் அந்தத் தராசு காணாது.

இன்னொன்று. தம்பையா 1992இல் இலங்கையின் பௌத்தமும் அரசியலும் பற்றி எழுதிய நூலுக்கு இங்கே கடுங்கண்டனங்கள் எழுந்தன. மறுத்து எழுதினவரும் நூலின் பெயரைக் குறிக்கத்தான் வேண்டும். ஏசினாலும் ஒன்று, ஏற்றாலும் ஒன்று. கணக்குப்பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் எண் வீணா? அப்படியும் நான் சொல்லேன். பழைய தென்கிழக்காசிய இராச்சியங்களுக்கு இன்றுள்ளது போன்ற எல்லைக்கோடு இல்லை. நடுவே தலைநகர், சுற்றிலும் அதனைப் போலவே அமைந்த சிற்றரசுகள், தூரம் போகப் போக ஆணை தளரும் என்று தம்பையா விளக்கினார். நம் பழைய 'மண்டலம்' என்ற கருத்தை நினைந்தே அதனை விண்மீன் மண்டலத்துக்கு ஒப்பிட்டார். அக்கட்டுரை 1977இலே வந்தது. அதனை மானிடவியலார் மட்டுமா எடுத்தாண்டனர்? சரித்திராசிரியர்களும் அரசியல் ஆய்வாளர்களும் எடுத்தாண்டனர். மந்திரச் சொல்லின் ஆற்றல் பற்றி 1968இல் எழுதிய கட்டுரையும் அவ்வாறே சமய ஆய்வாளரிடமும் மொழியாய்வாளரிடமும் போய்ச் சேர்ந்தது. ஒரு கருத்து எந்த எந்த வாசலிலே நுழைந்தது என்று அறிய அந்த அட்டவணை நல்ல துணை. எத்தனை பேர் என்று கேட்பதிலும், யார், எதற்காக என்று கேட்பதே எனக்குப் பயன் தந்தது. ஆனால் அதற்கு அடிக்குறிப்பைத் திறந்து படிக்க வேண்டும். சோம்பலுக்கு அது உதவாது.

பாத்ததும்பறை அறிக்கையை வெளிநாட்டார் எத்தனை பேர் காட்டினரோ, அதனால் அங்குள்ள உழவனுக்கு ஒன்றும் கூடவோ குறையவோ இல்லை. நம் நாட்டுக் காணிப் பிரச்சினையை அறிய விரும்புகிறவர் அதனை இன்றும் தேடிப் படிக்கலாம்.

அந்த இளைஞரிடம், "இருவரில் யாருடைய நூலைத் தம்பி படித்தீர்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். பின்பு தம்பையாவின் தாய்லாந்து நூலை என்னிடம் இரவலாக வாங்கிப் போனார். இரண்டாம் அத்தியாயத்திலே ஓரிடம் விளங்கவில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நானும் அவ்விடத்தை இன்னொரு முறை படித்துவைக்க வேண்டும்.