துணைக்கு ஒரு ஆள்

(தோட்ட மாதர் தலைவிகளுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவிகளே, சகோதரிகளே, பின்னால் நிற்கும் தோழர்களே,

எனக்குக் கொடுத்த தலைப்பு மார்பகப் புற்றுநோய். இந்தச் சொல்லைக் கேட்டதும் சில பேர் தலையைக் குனிகிறீர்கள். நானும் குனிந்தவள்தான்.

என் மதினி கொழுந்து எடுத்தவள். மார்பில் ஒரு கட்டி இருப்பதை ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, அதனால் ஒன்றும் இருக்காது என்று நினைத்தாள். பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு எழுத்துக்கூட அவளால் வாசிக்க முடியவில்லை. எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று தெரியாமல் பின்நேரம் வரை நின்றாள். கடைசி பஸ் போய்விடும் என்று திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்குப் பேரும் போனது. மறுபடி போக இரண்டு மாதம் ஆனது. இன்று அவள் இல்லை.

சகோதரிகளே, இந்த நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் இந்த நோய்க்கு வைத்தியம் இலவசம். அவளுக்கு இல்லாமல் போனது துணைக்கு ஒரு ஆள். அந்த ஆளாக நான் போயிருக்கலாம். பேர் போய்விடுமே என்று நான் மலைக்குப் போனேன். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

நம்மைப் போன்ற நிலைமை வேறு எங்கேயும் இருந்ததா, அங்கே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்கா பணக்கார நாடு. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த நோயால் இறப்பது சுமார் 40 சதவீதம் கூடுதல். வேகமாக வளரும், ஹோர்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத ஒரு வகை அவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. அது ஒரு காரணம். ஆனால் காப்புறுதி இல்லாமை, பிந்திய பரிசோதனை, இழுபடும் சிகிச்சை ஆகியவையும் காரணங்கள். இவை மனிதர் உண்டாக்கியவை. மனிதரால் மாற்றக் கூடியவை.

நியூயோர்க் நகரத்தில் ஹார்லெம் என்ற பகுதி இருக்கிறது. ஏழைக் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த இடம். 1964 முதல் 1986 வரை அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு மார்பகப் புற்றுநோயுடன் வந்தவர்கள் 606 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் நோய் முற்றிய பிறகுதான் வந்தார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 39 பேர்.

அங்கே வேலை செய்த கறுப்பின சத்திர சிகிச்சை நிபுணர் டாக்டர் ஹரோல்ட் பிரீமன் இரண்டு காரியம் செய்தார். முதலில் ஏழைகளுக்கான பரிசோதனை கிளினிக்கைத் திறந்தார். பிறகு 1990இல், சந்தேகமான கட்டி உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழித்துணையை ஏற்பாடு செய்தார். வழித்துணையாகப் போகிறவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. திகதியை ஞாபகப்படுத்துவார், படிவத்தை நிரப்ப உதவுவார், பயத்தைக் கேட்பார், முடிவு வரும்வரை விடமாட்டார். 1995 முதல் 2000 வரை வந்த நோயாளிகளில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 70 பேர். 39 எங்கே, 70 எங்கே!

இன்னொன்றையும் கேளுங்கள். 1990இல் அமெரிக்க அரசாங்கம் வசதி குறைந்த பெண்களுக்குப் பரிசோதனை செய்ய ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் நோய் இருப்பதாகக் கண்டால் சிகிச்சைக்கு அந்தச் சட்டத்தில் பணம் இல்லை. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை விரிப்பது என்ன நியாயம் என்று பெண்கள் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 2000ஆம் ஆண்டில்தான் சிகிச்சைக்கு வழி செய்யும் சட்டம் வந்தது. பத்து வருடம்! சம்பளப் போராட்டம் நடத்திய நமக்கு இந்தக் கணக்குப் புரியும்.

அந்தப் பெண்கள் வெட்கத்தையும் எதிர்த்தார்கள். ஓட்ரி லோர்ட் என்ற கறுப்பினக் கவிஞருக்கு 1978இல் ஒரு மார்பு அகற்றப்பட்டது. பொய் மார்பு வைத்து அதை மறைக்க அவர் சம்மதிக்கவில்லை. நடந்ததை எல்லாம் எழுதி 1980இல் புத்தகமாக வெளியிட்டார். நோயை மறைத்தால் அதே நோயுள்ள பெண்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண முடியாது என்பது அவர் வாதம். நம் லயத்திலும் அப்படித்தான். பக்கத்துக் காம்பராவில் இருப்பவளுக்கு என்ன என்று நமக்குத் தெரியாது.

இனி நம் காரியம். மூன்று விடயங்களை இந்தக் கூட்டம் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு வழித்துணையை மாதர் சங்கம் நியமிக்க வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

இரண்டு, கிளினிக் துண்டு காட்டுகிற பெண்ணுக்கு அன்றைய பேர் போடப்பட வேண்டும், துணைக்குப் போகிறவருக்கும் போடப்பட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேருங்கள். சம்பளத்துக்குக் கீழே கடைசி வரியாக அல்ல, சம்பளத்தோடு சேர்த்து.

மூன்று, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. துண்டும் திகதி அட்டையும் தமிழில் வேண்டும் என்று எழுத்தில் கேட்போம்.

தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வலியில்லாத கட்டி, தோல் குழி விழுதல், காம்பு உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், இவற்றில் எதைக் கண்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாம் அல்ல. 35 வயது தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கணவன்மாரே, மகன்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். அவள் சொல்லும்போது “பிறகு பார்ப்போம்” என்று சொல்லாதீர்கள்.

நாளைக் காலை பிரட்டுக்குப் போகிறபோது பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒன்று சொல்லுங்கள்: “உனக்கு ஏதாவது என்றால் நான் கூட வருகிறேன்.” என் மதினியிடம் நான் சொல்லாமல் விட்டது அதுதான்.